அண்ணி என்பதை அண்ணி என்று திருத்திப் படிக்கவும்

பேருந்து நிறுவனத்தின் தலைமைப் பணிமனையில், டிக்கெட் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. வாசலில் 'தவறவிட்ட பொருள்கள்' என்று பலகை தொங்கும். அந்த அறையை ஆள்கிறவளுக்குக் குடையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். மற்றபடி ஓட்டுநர், நடத்துநர், மேலாளர், அவளைவிட வயதில் மூத்த காவலாளி எல்லோருக்கும் அவள் குடையக்காதான். மழைக்காலத்தில் அந்த அறையில் சேருகிற குடைகளை விரித்துக் கட்டினால் பணிமனைக்கே இன்னொரு கூரை போட்டுவிடலாம்.

குடை மட்டும்தான் என்றில்லை. ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, சாப்பாட்டு டப்பா, தலைக்கவசம் எல்லாம் வரும். ஒருமுறை ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்று வந்தது. அதை எப்படிப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்க முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஜனங்கள் இறங்குவார்கள். குடையக்காவுக்கு ஜனங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவதெல்லாம் என்றோ விட்டுப்போய்விட்டது.

அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் கையில் கொடுத்தாள் என்று இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை. குறுக்குக் கேள்வி கேட்டுத்தான் எதையும் எடுத்து நீட்டுவாள்.

"என்ன குடைங்க?"

"கறுப்புக் குடை."

"கறுப்புக் குடை இங்க ஒரு காடே இருக்கு. கைப்பிடி எப்படி இருக்கும்?"

அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்வார். தினமும் பிடித்த கைப்பிடி வளைந்ததா நேரானதா என்று தெரியாமல் கூரையைப் பார்ப்பார். ஒரு வங்கி அதிகாரி தன் சொந்தக் குடையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லைம்மா, என்னோடது இவ்வளவு பழசா இருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் மனைவி வந்து, உள்ளே நுழையும்போதே, "அதோ, அதுதான்" என்று கை காட்டினாள். "அவங்கவங்க பொருள் அவங்கவங்களுக்கே அடையாளம் தெரியறதில்லை" என்று குடையக்கா அடிக்கடி சொல்வாள். அந்தக் கணக்கில் அவள் தன்னைச் சேர்த்துக்கொண்டது கிடையாது.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு புதன்கிழமை மதியம், ஓர் அண்ணிக்குப் போகவேண்டிய மெயிலை இன்னோர் அண்ணிக்கு அனுப்பிவிட்டாள்.

இதில் அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. நம் பாஷையில் உறவுச் சொற்களுக்கு என்ன பஞ்சம்? சித்தப்பன் பெரியப்பன் என்று தலை சுற்றுகிற அளவுக்கு வைத்திருக்கிறோம். ஆனால் இந்த அண்ணி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணிவிட்டோம். அண்ணன் மனைவியும் அண்ணி. பல வீடுகளில் கணவனின் அக்காவும் அண்ணி. குடையக்காவுக்கு இரண்டும் இருந்தார்கள். அண்ணன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். கணவனின் அக்கா ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். கதை குழம்பாமல் இருக்க நாம் அவர்களை டீச்சரண்ணி, நர்ஸண்ணி என்று வைத்துக்கொள்வோம். குடையக்கா அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நேரில் இரண்டு பேரும் அண்ணி, ஃபோனிலும் மெயிலிலும் பதிந்து வைத்திருப்பதும் அண்ணி, அண்ணி.

குடையக்காவின் கணவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியும் முன்னே வேலைக்குப் போய், மாலை விளக்கு வைத்ததும் கொட்டாவி விடுகிற மனிதர். அவர் ஒருமுறை யோசனை சொன்னார்.

"அண்ணி ஒண்ணு, அண்ணி ரெண்டுன்னு போட்டுக்கோயேன்."

"யாரை ஒண்ணாப் போடறது?"

அவர் ஒரு விரலை மடக்கினார். யோசித்தார். விரலை நிமிர்த்திக்கொண்டார்.

"ரெண்டாப் போட்டது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா நம்ம வீடே ரெண்டாயிடும்" என்றாள் குடையக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெயருக்குப் பக்கத்தில் வருகிற படத்தைப் பார்த்து அவள் ஆளைப் பிரித்துக்கொண்டாள். டீச்சரண்ணி வைத்திருந்தது மஞ்சள் பூ. நர்ஸண்ணி வைத்திருந்தது வெளியூரில் படிக்கிற மகன் படம். பல வருஷமாக ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது. அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம் நர்ஸண்ணியின் பால்கனித் தொட்டியில் முதன்முதலாக ஒரு பூ பூத்தது. மஞ்சள் பூ. சந்தோஷம் தாங்காமல் மகனை எடுத்துவிட்டு அதை வைத்துவிட்டாள்.

டீச்சரண்ணிக்கும் குடையக்காவுக்கும் மெயில் எழுதிக்கொள்கிற பழக்கம் உண்டு. பள்ளியில் ஃபோன் எடுக்க அனுமதி இல்லை, ஆசிரியர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மதிய இடைவேளையில் இவள் இங்கே தட்டுவாள், அவள் அங்கே படித்து, கூட இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பாள். அந்தப் புதன்கிழமை குடையக்காவுக்கு மனசு நிறைய இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு மாறப்போகிறார்கள். இரண்டு தெரு தள்ளிக் கொஞ்சம் பெரிய வீடு. சாமான் கட்ட, இறக்க இரண்டு அண்ணிகளுமே வருகிறார்கள். அதில் ஓர் அண்ணியை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் எழுதியது இதுதான்:

"அன்புள்ள அண்ணி, ஞாயிற்றுக்கிழமை அண்ணி வருகிறார்கள். புது அடுப்பங்கரை என்ன கதியாகப் போகிறதோ. நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவார்கள். டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். அலமாரியில் இருப்பதையெல்லாம் இடம் மாற்றிவிட்டுப் போவார்கள். அப்புறம் உப்பைத் தேடி நான் வீடு முழுக்க அலைவேன். எதைக் காட்டினாலும் பரவாயில்லை என்பார்கள். சமைத்துப் போட்டால் பரவாயில்லை. புதுத் திரை தைத்தால் பரவாயில்லை. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் பரவாயில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சும்மா உட்கார்ந்து என்னோடு பேசக்கூடாதா? என்னைப் பார்க்க வருகிறார்களா, என் பாத்திரத்தைப் பார்க்க வருகிறார்களா என்றே எனக்குத் தெரியவில்லை அண்ணி. நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்."

மஞ்சள் பூவைத் தொட்டாள். அனுப்பினாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்து, தன் பல்செட்டு வந்திருக்கிறதா என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். குடையக்கா எழுந்துபோய் எடுத்து வந்தாள். அதற்குள் திரையின் அடியில் 'அனுப்பியதை ரத்து செய்' என்று ஒரு பட்டை வந்து, யாராவது தொடுவார்களா என்று பார்த்துவிட்டு, மறைந்துபோயிருந்தது.

பல்செட்டுக்காரர் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார். இவள் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அனுப்பிய முகவரியில் பள்ளிக்கூடத்தின் பெயருக்குப் பதில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.

தேடிப்பார்த்தால் அந்தப் பட்டையைக் காணோம். கணக்குப் பிரிவுக்காரரிடம் ஓடினாள். கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் பணிமனையில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பட்டை சில நொடிதான் நிக்கும். அதை விட்டா போனது போனதுதான்."

"வேற வழியே இல்லையா சார்?"

"இன்னொரு மெயில் போடுங்க. முன்னாடி வந்த மெயிலைத் தயவுசெய்து படிக்காதீங்கன்னு."

"அப்படிச் சொன்னா முதல்ல அதைத்தான் சார் படிப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்று அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

குடையக்கா தன் அறைக்கு வந்து குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். நர்ஸண்ணி கெட்டவள் இல்லை. அதுதான் தொந்தரவு. கணவர் காலமான பிறகு தனியாளாக நின்று மகனைப் படிக்கவைக்கிறவள். தம்பிக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் இரவு வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்து நிற்பாள். இனி அவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பாளா? கணவரின் ஒரே அக்கா. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ரொட்டி மாவைப் பிசைவதுபோல உள்ளேயே பிசைந்துகொண்டு கிடப்பார். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

டீ நேரத்தில் பதில் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைத் திறந்தாள்.

"உன் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு இவ்வளவு பெரிதாக எழுதியதே இல்லை. வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள், பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவுதான் எழுதுவாய். மனசில் இருப்பதை என்னிடம் சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அண்ணன் மனைவி இப்படிப்பட்டவர் என்று நான் நினைக்கவே இல்லை. பார்க்க அமைதியாக இருக்கிறார். இந்த மாதிரி ஆட்கள் எங்கள் வார்டிலும் உண்டு. கழுவினதைக் கழுவுவது சுத்தம் இல்லை, அடுத்தவர் கையை நம்பாத புத்தி. நீ கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமை நான் காலையிலேயே வந்துவிடுகிறேன். அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அந்த அம்மாவை உள்ளே விடமாட்டேன். பக்குவமாக எடுத்தும் சொல்கிறேன்."

குடையக்கா இரண்டாவது கண்ணையும் திறந்தாள். தன் குடையைக் கையில் வைத்துக்கொண்டு 'என்னுடையது இல்லை' என்று சொன்ன வங்கி அதிகாரி தேவலை என்று தோன்றியது.

முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோமடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பும் வந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சரண்ணி ஒரு பாவமும் அறியாதவள். கழுவின பாத்திரத்தைக் கழுவுவது இருக்கட்டும், கழுவாத பாத்திரத்தையே கண்டுகொள்ளாத ஆள். அவளை ஞாயிற்றுக்கிழமை வாசலில் மறித்து 'அடுத்தவர் கையை நம்பாத புத்தி' என்று பாடம் எடுத்தால்?

அன்று சாயங்காலம் டீச்சரண்ணிக்கு ஃபோன் போட்டு, மெயிலையும் பதிலையும் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபமோ என்று பார்த்தால், சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

"இதுல என்ன இருக்கு? பழியை நானே வாங்கிக்கறேன்" என்றாள் திரும்பி வந்து. "ஞாயித்துக்கிழமை அவங்க கண் முன்னால ஒரு டம்ளரை ரெண்டு தடவை கழுவறேன். விளக்குல தூக்கியும் பாக்கறேன். அவங்க திட்டட்டும், நான் திருந்தறேன். எல்லாருக்கும் சந்தோஷம்."

"விளையாடாதீங்க அண்ணி."

"விளையாட்டு இல்ல. பாவம், நீ எழுதினேன்னு அவங்க கண் கலங்கியிருக்காங்க. அதைப் போய்க் கெடுப்பியா?"

அதுதான் குத்தியது. குடையக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்து பேசமாட்டாரா என்று எழுதினாள். அது முகவரி தவறிப் போனதில், அவரே பேச வந்துவிட்டார். இப்போது போய், 'அது உங்களுக்கு எழுதியதில்லை, உங்களைப் பற்றி எழுதியது' என்று எந்த வாயால் சொல்வது?

கணவரிடம் சொன்னபோது அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். கேட்டு முடித்ததும் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

"அக்காவுக்குப் புரியலை இல்ல?"

"புரியலை."

"அப்போ விட்டுடு. ரெண்டு அண்ணிக்கு நடுவுல என்னை இழுக்காதே. நான் ரொட்டி போடறவன்."

விட்டுவிடலாம் என்றுதான் அவளும் இருந்தாள். மறுநாள் மதியம் நர்ஸண்ணி ஃபோன் பண்ணினாள். என்ன விஷயம் என்று கேட்டால், ஒரு விஷயமும் இல்லையாம். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளாம். அப்படி அவள் கூப்பிட்டதே கிடையாது. தொட்டிப் பூவைப் பற்றிச் சொன்னாள், மகனுக்குத் தலைமுடி கொட்டுகிறதைச் சொன்னாள். குடையக்காவுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் நர்ஸண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்க அண்ணன் இதையெல்லாம் பாத்துட்டுச் சும்மாவா இருக்காரு? தங்கச்சியைப் பொண்டாட்டி இப்படிப் படுத்தறா, ஒரு வார்த்தை கேக்கலை. நல்ல மனுஷன்னு நினைச்சிருந்தேன்."

ஃபோனை வைத்த பிறகுதான் குடையக்காவுக்கு உறைத்தது. டீச்சரண்ணி தலையில் ஏறிய பழி, இப்போது அண்ணன் தலைக்கும் வந்துவிட்டது. ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் கையில் கொடுத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், சொந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

எழுதினால் சுலபம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மேலே 'திருத்தம்' என்று போட்டாள். அலுவலக வழக்கப்படி, மிடுக்காக, "புதன்கிழமை அனுப்பிய மெயிலில் அண்ணி என்று வரும் இடங்களில் அண்ணி என்று திருத்திப் படிக்கவும்" என்று தட்டினாள். படித்துப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'முதல் அண்ணியை இரண்டாவது அண்ணி என்றும்' என்று ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு என்று வந்ததுமே கை நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்தாள். எழுத்தில் செய்த தப்பை எழுத்திலேயே சரிசெய்ய இந்த ஒரு சொல் இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் நர்ஸண்ணியே வந்து நின்றாள். வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழி. மருந்து வந்த அட்டைப்பெட்டிகளை மடித்து, கயிறு போட்டுக் கட்டி, சாமான் அடுக்க எடுத்து வந்திருந்தாள்.

"இதுதான் உன் ராஜ்யமா? பரவாயில்லையே" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டாள் குடையக்கா. அண்ணி உட்காரவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்த சாப்பாட்டு டப்பாக்கள் கண்ணில் பட்டுவிட்டன. யாரோ விட்டுப்போனவை, காலையில்தான் குடையக்கா தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அண்ணி கைக்குட்டையை எடுத்தாள். ஒரு டப்பாவைத் திறந்தாள், மோந்தாள், துடைக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நீ ஒண்ணுக்கும் பயப்படாதே. நான் பாத்துக்கறேன்" என்றாள் துடைத்துக்கொண்டே.

"அண்ணி, அந்த மெயில் உங்களுக்கு எழுதினது இல்ல."

"என்னது?"

"தப்பா வந்துடுச்சு. எங்க அண்ணனோட அண்ணிக்கு... எங்க அண்ணன் சம்சாரத்துக்கு எழுதினது. ரெண்டு பேரும் பூப்படம் வெச்சிருக்கீங்க. பாக்காம அனுப்பிட்டேன்."

அண்ணியின் கை துடைத்துக்கொண்டேதான் இருந்தது. முகம் மட்டும் யோசித்தது.

"அவங்களுக்கு எழுதினதா? அவங்களைப் பத்தி அவங்களுக்கே எப்படி எழுதுவே? அப்போ அதுல வர்ற அண்ணி..."

கை நின்றது. கையில் இருந்த டப்பாவை அண்ணி பார்த்தாள். அது பளபளவென்று இருந்தது. துடைக்கிறதற்கு முன்னாலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்பது அவளுக்கே தெரிந்தது. மெதுவாக மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். கைக்குட்டையை மடித்தாள்.

"அண்ணி, நான்..."

"பரவாயில்லை" என்றாள் நர்ஸண்ணி. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டில் கணவர் கேட்டார், "அக்கா என்ன சொன்னா?"

"பரவாயில்லைன்னாங்க."

"எந்தப் பரவாயில்லை?"

"அதான் தெரியலை" என்று சொல்லி அவள் அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. காலுக்குள் வராமலிருக்கப் பிள்ளையைப் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். டீச்சரண்ணியும் அண்ணனும் வந்தார்கள். கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் ஏறின, இறங்கின. புது வீட்டு அடுப்பங்கரை நல்ல வெளிச்சமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகள் தெரிந்தன. குடையக்கா அதையெல்லாம் பார்த்தாளே தவிர மனசில் ஏறவில்லை. படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் எட்டிப்பார்த்தாள். வேன்காரர், மாடிவீட்டுக்காரர், மறுபடி வேன்காரர். கணவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவரும் எட்டித்தான் பார்த்தார்.

குளியலறைச் சாமான்களை வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, அடுப்பங்கரை வாசலில் ஒரு நாற்காலி போட்டு நர்ஸண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பையின் மேல் இரண்டு கைகளும் கோத்தபடி இருந்தன. எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டோ எடுக்கிற கடையில் முறைக்குக் காத்திருக்கிறவர்போல விறைப்பாக இருந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணி" என்றாள் குடையக்கா. "ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"அடுப்பங்கரை வாசல்ல உக்காந்துக்கறேன், அந்த அம்மாவை உள்ள விடமாட்டேன்னு எழுதினேன் இல்ல?" என்றாள் நர்ஸண்ணி. "விடலை. வந்ததுலேருந்து ரெண்டு தடவை எழுந்து பாத்துட்டா. உக்காருடின்னு இதே நாற்காலியிலதான் உக்காரவெச்சிருக்கேன்."

குடையக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிரிக்காத ஒரு பெட்டியை நாற்காலி பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"ராத்திரி நல்லா கோபம் வந்தது" என்றாள் அண்ணி. "வரவே கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் என் பதிலை எடுத்துப் படிச்சேன். அடுத்தவர் கையை நம்பாத புத்தி. எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன் பாரு. அதைக் கொஞ்சம் ரத்து பண்ண முடியுமா?"

"நேரம் தாண்டிடுச்சு அண்ணி."

"போகட்டும்." அண்ணி பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "எனக்கு யார் வீட்டுக்குப் போனாலும் சும்மா உக்காரத் தெரியலைம்மா. வார்டுல உக்காந்தா ஆகாது. வீட்டுல உக்காந்தா அவர் ஞாபகம் வரும். உன் வீட்டுக்கு வந்தா என்ன பேசறதுன்னு தெரியாது. நீயும் எதுவும் கேக்கமாட்டே. பாத்திரம்னா பேசவேண்டாம் பாரு."

"நான் உங்களைப் பாத்துப் பயந்துட்டு இருந்தேன்."

"நான் உன்னைப் பாத்து" என்றாள் அண்ணி. "எல்லாத்தையும் நீயே சரியா பண்ணி வெச்சிருப்பே. இடமே இல்லாம எங்க போய் நுழையறது? கழுவினதைக் கழுவினேன்."

குடையக்கா இதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கண்ணுக்குத் தன் அடுப்பங்கரை அப்படித் தெரிந்திருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து சோப்பின் வாசனை வந்தது.

உள்ளே டீச்சரண்ணி எல்லோருக்கும் டீ போடுவதற்காகப் பெட்டியிலிருந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். குழாய் ஓடியது, உடனே நின்றது. டம்ளர்கள் வரிசையாக மேடையில் உட்காருகிற சத்தம் கேட்டது. நர்ஸண்ணியின் காது நிமிர்ந்தது.

"சோப்பு போட்ட மாதிரியே தெரியலையே" என்றாள் மெல்லிய குரலில். "தண்ணி காட்டினாங்க, அவ்வளவுதான். பழைய செய்தித்தாள்ல சுத்தி வந்த டம்ளர் வேற."

குடையக்காவும் கவனித்திருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நினைத்தோ என்னவோ, டீச்சரண்ணி உள்ளேயிருந்து ஒரு டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இவர்களைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"போறதுன்னா போயிட்டு வாங்க அண்ணி" என்றாள் குடையக்கா. "ஒரே ஒரு தடவை."

நர்ஸண்ணி பாதி எழுந்தாள். டம்ளர்களைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்லை, விடு" என்றாள். "அப்புறம், அந்தத் திரை நீயே தைச்சதா? எங்க கத்துக்கிட்டே?"

டீ வந்தது. அண்ணி டம்ளரை விளக்கில் பார்க்காமல் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள் என்று பின்னாளில் டீச்சரண்ணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் திரை எந்தத் துணி, எந்தத் தையல் என்பதில் ஆரம்பித்த பேச்சு, ரொட்டிக்காரர் சிறுவயதில் தூக்கத்தில் நடந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்ற கதை வரை போனது. அவர் பெட்டியோடு வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, அதை ஏன் இப்போ எடுக்கறே?" என்று அசடு வழிந்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் முகம் அவ்வளவு லேசாக இருந்தது. அன்றைக்கு ஒரு பெட்டிகூட முழுதாகப் பிரிக்கவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் குடையக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்தது. அண்ணி என்று இருந்தது. பக்கத்தில் பூவைக் காணோம். நர்ஸண்ணியின் முகமே இருந்தது, நேராகப் பார்த்தபடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். மெயில் நீளமாக இருந்தது. முதல் வரி இப்படி ஆரம்பித்தது: "இது தவறி வந்ததில்லை. உனக்கே எழுதியது."

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கறுப்புக் குடையைத் தேடிக்கொண்டு வந்து நின்றிருந்தார். கைப்பிடி எப்படி இருக்கும் என்று குடையக்கா கேட்கப்போகிறாள் என்று காவலாளி எச்சரித்து அனுப்பியிருந்ததால் பதிலோடு தயாராக இருந்தார்.

"கொஞ்சம் உக்காருங்க சார்" என்றாள் குடையக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஒண்ணு வந்திருக்கு. வாங்கிட்டு வந்துடறேன்."